குரல் இருக்கும் களஞ்சியம்

தூத்துக்குடி,
6 ஜனவரி 2025

பெவினுக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. இல்லாததைப் போட்டால் அது பொய்ச்சாட்சி. மின்னஞ்சலானாலும் கடிதம் கடிதம்தான். நீ பதில் எழுதினால் ஊரும் தேதியும் போட்டு எழுது. உன் வழக்கப்படி 'ஓகே' என்று ஒரு சொல்லை அனுப்பாதே.

சமாதானம் பேச வருகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது, அது உன்னால்தான் ஆகும் என்கிறார்கள். டிசம்பரில் எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை போட்டிருக்கிறார்கள், மூச்சு அதன் வழியாகப் போய் வருகிறது. இனிப் பேச்சு கிடையாது. கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்று உண்டாம். முன்பு கொடுத்த கதிர்வீச்சில் தோல் வெந்து கிடப்பதால் இப்போதைக்குத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உன் அம்மாவுக்குப் பார்வை முழுவதுமாகப் போய்விட்டது. ஆகஸ்டில் செய்த கண் ஆபரேஷன் பலிக்கவில்லை. ஆக, இந்த வீட்டில் நான் எழுதினால் இன்பமணியால் வாசிக்க முடியாது. அவள் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்த இனிகோ வந்திருந்தார். நீ விட்டுவிட்டுப் போன லினக்ஸ் லேப்டாப்பில் தமிழில் தட்டினால் அதுவே வாய்விட்டுப் பேசும், அதற்கு espeak-ng என்றொரு பேக்கேஜை ஏற்ற வேண்டும் என்று சொல்லி, என்ன தட்ட வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். எழுத்துப் பிசகாமல் தட்டினேன். "Unable to locate package" என்று வந்தது. அப்படி ஒரு பேக்கேஜே எனக்குத் தெரியாது என்கிறது. இனிகோவின் மெஷினில் உடனே கிடைத்ததாம். "சார், இது உங்க பையன் ஏதோ செஞ்சு வச்ச மெஷினு, அவன்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரன் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதையெல்லாம் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுரட்டுமா?" என்கிறான்.

இந்த மெஷினில் என்ன செய்து வைத்திருக்கிறாய்? அதை எப்படிச் சரிசெய்வது? இரண்டையும் எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.

தனராஜ்


பெங்களூரு,
9 ஜனவரி 2025

அப்பா,

ஊரும் தேதியும் போட்டிருக்கிறேன். மார்க் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆபரேஷன் செய்தி அடுத்த வீட்டு ரெக்ஸ் அண்ணன் சொல்லி எனக்கு முன்பே தெரியும். கேட்டதும் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. இனி அந்த வீட்டில் யாரையும் யாரும் 'கழுதை' என்று கூப்பிட முடியாது என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் வந்தது நிம்மதிதான், அதை மறைத்து எழுதினால் அது பொய்ச்சாட்சி.

மெஷினைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த லேப்டாப் ஊரெல்லாம் சுற்றி எதையும் தேடாது. அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள களஞ்சியங்களில் மட்டும் போய், 'இது இருக்கிறதா' என்று கேட்கும். நீங்கள் தேடுகிற பேக்கேஜ் 'யூனிவர்ஸ்' என்ற களஞ்சியத்தில் இருக்கிறது. அதை அடைத்து வைத்தவன் நான்தான். கண்டதையும் ஏற்றி மெஷினைக் கெடுத்துவிட்டு என்னைத் திட்டுவீர்களே என்ற பயத்தில் அடைத்தேன். திறப்பது ரொம்பச் சுலபம். டீ குடித்துக்கொண்டே செய்யலாம்.

ஆனால் சொல்ல மாட்டேன். முதலில் ஒன்றுக்குப் பதில் வேண்டும்.

ஆகஸ்டில் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் நான் வந்தேன். அம்மாவுக்கு வாங்கிய கறுப்புக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றேன். நீங்கள் வந்து கேட்டைத் திறக்காமலே, "ஏலே, இங்கன ஒனக்கு யாரும் இல்ல. சத்தங்காட்டாமப் போ" என்றீர்கள். "ஒரு தடவ அம்மாவப் பாத்துட்டுப் போயிருதேன்ப்பா" என்று பிச்சைக்காரன் மாதிரி கேட்டேன். அசையவில்லை நீங்கள். அன்றிலிருந்து நான் எப்போது போன் செய்தாலும் அம்மா எடுக்கிறாள். 'அம்மா' என்று நான் சொன்னதும் வைத்துவிடுகிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அவளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

இன்னொன்று. ஐஸ்வர்யா அக்காவின் போனில்கூட எழுத்தைப் பேச வைக்கலாம். அதற்கு என் தயவு வேண்டாம். செய்யலாமே?

பெவின்


தூத்துக்குடி,
12 ஜனவரி 2025

பெவினுக்கு,

கேள்விக்குப் பதில். நீ வந்ததை அவளிடம் சொல்லவில்லை. 'லீவு கிடைக்கவில்லை, வர முடியாது என்று சொல்லிவிட்டான்' என்றுதான் சொன்னேன். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவள். நீ உள்ளே வந்தால் நீ கட்டிக்கொண்ட அந்தப் பெண்ணைப் பற்றிய பேச்சு வரும், அழுகை வரும். அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் செய்தது சரியென்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஐஸ்வர்யாவின் போன் என்கிறாய். சமையலுக்கு வருகிறவளின் போனில் என் வீட்டுப் பேச்சு ஏறாது. ஏற்கெனவே பட்டுவிட்டேன், கேள். ஒரு பலகையில் எழுதிக் கொடுப்பேன், காலையில் அவள் வந்ததும் இன்பமணிக்கு வாசித்துக் காட்டுவாள். மாத்திரை போட்டாயா, பென்ஷன் சர்டிபிகேட் எங்கே வைத்தாய், இந்த மாதிரி. ஒருநாள் வேறு மாதிரி எழுதினேன். என்ன எழுதினேன் என்பது உனக்கு வேண்டாதது. ஐஸ்வர்யா வாசித்துப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். "யம்மா, ஐயாவப் பாருங்களேன், இந்த வயசுல என்னெல்லாம் எழுதுதாவ" என்று அடுத்த வீடு வரைக்கும் கேட்கும்படி சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சபையை நடத்துகிற சேகரக் கமிட்டி ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சுமேல் நிற்க வைத்தவன் நான்! பலகையை அன்றோடு எடுத்து வைத்துவிட்டேன்.

இப்போது கை தட்டுகிறேன். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. அவள் கேட்கிறாள், நான் தட்டுகிறேன். அவள் கேட்காத எதையும் என்னால் சொல்ல முடியாது. நான் குளிக்கப் போனது தெரியாமல் அவள் வெறும் நாற்காலியிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டு உள்ளேயே நின்றிருக்கிறேன். வந்து தட்டினால், இவ்வளவு நேரமும் ஆளில்லாமல் பேசியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும். தட்டாவிட்டால் பேசிக்கொண்டே இருப்பாள்.

எனக்கு அவளிடம் பேச வேண்டும். போதுமா? அதை என் வாயால் சொல்ல வைத்துப் பார்க்க வேண்டும் என்றுதானே ஆசை. வாய் இல்லை. கையால் எழுதிவிட்டேன்.

வழியைச் சொல்.

தனராஜ்

பின்குறிப்பு: உன் கடிதத்தில் ஒற்றுப் பிழைகள் மலிந்திருக்கின்றன.


பெங்களூரு,
15 ஜனவரி 2025

அப்பா,

அழக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம்! பிள்ளை வரமாட்டான் என்று கேட்டால் அழ மாட்டாளா? எந்த ஊர் நியாயம் அப்பா இது?

சரி. பேரம் இதுதான். மெஷின் பேசத் தொடங்கியதும் அதன் வாயிலிருந்து அம்மாவுக்குப் போகிற முதல் சேதி நான் சொல்வதாக இருக்க வேண்டும். பெவின் வந்தான், நான்தான் விரட்டினேன், நான் சொன்னது பொய். மாத்திரை, பென்ஷன், நீங்கள் பலகையில் எழுதிய கவிதை, எல்லாம் அதற்குப் பிறகு. உங்களிடம் எத்தனையோ குறை உண்டு, வாக்குக் கொடுத்துவிட்டு மாறுகிற குறை மட்டும் கிடையாது. அதனால்தான் உங்களோடு பேரம் பேச முடிகிறது.

இன்றைக்கு முதல் வேலை. கறுப்புத் திரையைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

sudo nano /etc/apt/sources.list

கடவுச்சொல் கேட்கும். நான் எழுதிக் கொடுத்தது உங்களிடம் இருக்கிறது. தட்டும்போது திரையில் ஒன்றுமே விழாது. கீபோர்டு செத்துப்போய்விட்டது என்று நினைத்து லேப்டாப்பை அறையாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமலேதான் தட்ட வேண்டும். அம்மா எல்லாவற்றையும் அப்படித்தான் செய்கிறாள், உங்களால் ஒரு சொல்லைத் தட்ட முடியாதா?

களஞ்சியங்களின் பட்டியல் வரும். universe என்று முடிகிற வரியின் தலையில் # என்று ஒரு குறி இருக்கும். அந்தக் குறி இருந்தால் மெஷின் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். குறியை மட்டும் அழியுங்கள். கண்ட்ரோலையும் ஓ-வையும் சேர்த்து அழுத்தி, எண்டர். பிறகு கண்ட்ரோலும் எக்ஸும். அவ்வளவுதான், களஞ்சியம் திறந்துவிட்டது.

பெவின்


தூத்துக்குடி,
18 ஜனவரி 2025

பெவினுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். குறியை அழித்தேன், திரும்பத் திறந்து அது போயிருப்பதையும் பார்த்தேன். பிறகு இனிகோ எழுதிக் கொடுத்ததைத் தட்டினேன். மறுபடியும் அதே பதில். பேக்கேஜைக் காணோம். மெஷினை அணைத்துப் போட்டுத் தட்டினேன். அதே பதில். ஜெபம் பண்ணிவிட்டுத் தட்டினேன். அதே பதில்.

என்னை ஆட்டம் காட்டுகிறாய். கறுப்புத் திரைக்கு முன்னால் நான் திரும்பத் திரும்பத் தட்டுவதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். உன்னை நான் அடித்தேன், திட்டினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தப்பாகப் போட்டாய் என்று எந்தப் பிள்ளையையும் நான் அடித்ததில்லை. நீ அதைச் செய்கிறாய்.

உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. சங்கு குளிக்கிறவன் வீட்டில் போய்ப் பெண் எடுத்தாயே, அங்கே கற்றுக்கொண்டிருப்பாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு சேற்றைத் துழாவுகிற ஆட்கள். வீட்டுக்குள் போனால் மீன் வாடை. நம் குடும்பத்தில் நாலு தலைமுறையாக வாத்தியார்கள். உன் அம்மா உன் போனை வைக்கிறாள் என்று அழுகிறாயே, நீ அந்த வீட்டு வாடையோடு பேசினால் யார்தான் வைக்க மாட்டார்கள்?

உன் பேரத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நடந்ததை அவளிடம் என் சொந்த வார்த்தையில், எனக்கு நேரம் சரியென்று தோன்றும்போது சொல்வேன். நீ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்க நான் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை இல்லை.

தனராஜ்


பெங்களூரு,
20 ஜனவரி 2025

அப்பா,

ஆமாம், பாதியை வேண்டுமென்றேதான் மறைத்தேன். பட்டியலில் களஞ்சியத்தைத் திறந்துவிட்டால் போதாது. திறந்திருக்கிறது, புதிதாகப் போய்ப் பார்த்து வா என்று மெஷினுக்கு ஒருமுறை சொல்ல வேண்டும். அதற்கு இன்னொரு கட்டளை உண்டு. அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன், நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்களா என்று பார்க்க. பார்த்துவிட்டேன். 'நேரம் சரியென்று தோன்றும்போது.' அந்த நேரம் உங்கள் வாழ்நாளில் வராது.

உங்கள் கடிதத்தைப் பிளாரன்ஸ் வாசித்தாள். மீன் வாடை என்ற இடத்தில் தன் கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். எழுந்துபோய் வேலையைப் பார்த்தாள். உங்கள்மேல் இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் எனக்கு அத்தோடு போய்விட்டது.

என் மாமனார் பாஸ்கலைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கடலடியில் அவர் வாயில் காற்றுக் குழாய் இருக்கும். பேச முடியாது. மேலே படகில் இருப்பவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் குழாயை ஒரு இழுப்பு இழுப்பார். மேலே புரிந்துகொள்வார்கள். உங்கள் நிலைமையை அவரிடம் சொன்னேன். "பாவம், சம்பந்திக்கு ஒரு கயித்த வாங்கிக் குடுங்க மாப்ள. ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையப் புடிச்சுக்கிடட்டும், ஒரு இழுப்புக்கு ஒரு சேதின்னு வச்சுக்கிட்டா போதும்ல" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். நான்தான் கிண்டலாக எழுதுகிறேன். கயிறு வாங்கி அனுப்பட்டுமா?

இல்லையென்றால், அம்மாவிடம் சொல்லப்போகிற வாக்கியங்களை முழுதாக எழுதி எனக்கு அனுப்புங்கள். 'முதலில் இதைத்தான் சொல்வேன்' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அது வந்த பிறகுதான் அடுத்த கட்டளை. அவசரமில்லை. எனக்கு லீவு நிறைய இருக்கிறது.

பெவின்


தூத்துக்குடி,
29 ஜனவரி 2025

பெவினுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தது வீம்பில்தான். வீம்புக்கு வேறொருத்தி விலை கொடுத்துவிட்டாள்.

நேற்றுக் காலை ஐஸ்வர்யா தோசை சுட்டு வைத்துவிட்டு, கல்லை இறக்காமல், அடுப்பையும் அணைக்காமல் கிளம்பிவிட்டாள். அவள் பிள்ளைக்குப் பள்ளிக்கூட வேன் வந்துவிட்டதாம். இன்பமணி கை கழுவ அடுக்களைக்குள் போனாள். நான் கூடத்தில் இருந்தேன். திட்டில் கையை ஊன்றுவதற்கு முன்னால் வழக்கம்போல் கேட்டாள்: "அடுப்பு அணைஞ்சிருக்கா?"

எட்டிப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. இரண்டு தட்டு தட்டினேன். முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் நடுவில், துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஒன்று வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவளுக்கு ஒரு தட்டுத்தான் கேட்டிருக்கிறது. ஒரு தட்டு என்றால் ஆமாம். என் கண் முன்னாலேயே உள்ளங்கையைத் தோசைக்கல்லின்மேல் வைத்தாள்.

நான் ஓடினேன். கத்தினேன். கழுத்துத் துளையில் காற்றுத்தான் வந்தது. அவள் கையை உதறிக்கொண்டு, "ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டாள். பொய் சொல்லவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு தட்டு தட்டினேன். இரண்டு தட்டு தட்டிக்கொண்டே இருந்தேன்.

கை முழுவதும் கொப்புளம். சர்க்கரை உள்ள உடம்பு, ஆற நாளாகும் என்கிறார்கள்.

நீ கேட்டது கீழே.

"இன்பமணி, ஆகஸ்டில் பெவின் உன்னைப் பார்க்க வந்தான். நான்தான் அவனை வாசலோடு அனுப்பினேன். லீவு கிடைக்கவில்லை என்று அவன் சொன்னதாக நான் சொன்னது பொய்."

முதலில் இதைத்தான் சொல்வேன்.

தனராஜ்


பெங்களூரு,
29 ஜனவரி 2025

அப்பா,

இப்போதுதான் பார்த்தேன். உடனே எழுதுகிறேன்.

அன்றைக்கே நான் முழுதாகச் சொல்லியிருந்தால் அம்மாவின் கை வெந்திருக்காது என்று நினைப்பீர்கள். நினையுங்கள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதைச் சொல்லிக் காட்டுகிற உரிமை உங்களுக்குக் கிடையாது. கேட்டைத் திறந்திருந்தால் இந்தக் கடிதங்களே இருந்திருக்காது.

வரிசையாகத் தட்டுங்கள். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது.

sudo apt update

இதுதான் நான் மறைத்து வைத்திருந்தது. மெஷின் இப்போது யூனிவர்ஸ் உள்பட எல்லாக் களஞ்சியங்களுக்கும் போய், எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வரும். நிறைய வரிகள் ஓடும். பயப்படாதீர்கள்.

sudo apt install espeak-ng

தொடரவா என்று கேட்டால் Y தட்டி எண்டர்.

espeak-ng -v ta

அதன் பிறகு நீங்கள் வழக்கமாகத் தட்டுகிற தமிழ்தான். ஒரு வரி தட்டி எண்டர் அடித்தால் அந்த வரியைப் பேசும். குரல் அழகாக இருக்காது. தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருக்கும். ஆனால் தமிழ்தான், அம்மாவுக்குப் புரியும்.

சொல்லிவிட்டு அம்மாவின் கையில் போனைக் கொடுங்கள். நல்ல கையில். நான் அழைக்க மாட்டேன், அவளே கூப்பிடட்டும். சனிக்கிழமை மைசூர்–தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அவள் கூப்பிடாமல் வந்து மறுபடி கேட்டில் நிற்க எனக்குத் தெம்பில்லை. அடுத்த வாரத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். பிளாரன்சும் வருகிறேன் என்கிறாள். தீப்புண்ணுக்கு அவர்கள் வீட்டில் ஏதோ எண்ணெய் காய்ச்சுவார்களாம், அம்மாவுக்கு எடுத்து வருகிறாளாம். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

எனக்கு அம்மா வேண்டும் அப்பா. வேறு எதற்கும் நான் இவ்வளவு கேவலமாக நடந்துகொண்டதில்லை.

பெவின்


தூத்துக்குடி,
2 பிப்ரவரி 2025

பெவினுக்கு,

கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். என்ன நடந்தது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். உனக்கு அது சேர வேண்டும்.

இன்று ஆராதனை முடிந்து வந்ததும் அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். நீ எழுதிய கட்டளைகளை ஏற்கெனவே முடித்து வைத்திருந்தேன். பேக்கேஜ் கிடைத்தது, ஏறியது. சத்தம் வருகிறதா என்று அவள் அருகில் இல்லாதபோது 'அ' என்று ஒரு எழுத்து மட்டும் தட்டிப் பார்த்திருந்தேன். வந்தது. அதற்கு மேல் தட்டவில்லை. முதல் பேச்சு அவளுக்கு என்று வைத்திருந்தேன்.

"இன்பமணி" என்று தட்டினேன். மெஷின் கூப்பிட்டது.

"யாரு அது?" என்றாள்.

"நான்தான்" என்று தட்டினேன்.

"நீங்களா?" என்று சிரித்தாள். "மூக்கப் புடிச்சுக்கிட்டுப் பேசுதாப்ல இருக்கு." என் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்ததை இன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த இடத்தில் நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். வாக்கு ஞாபகம் வந்தது. எழுதி அனுப்பினேனே, அதை அப்படியே தட்டினேன். மெஷின் எல்லாவற்றையும் ஒரே மாதிரி, மளிகைச் சாமான் சொல்வதுபோல் சொல்லி முடித்தது.

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவன் வந்தது எனக்குத் தெரியும்லா" என்றாள். "கண்ணுலதான கட்டு போட்டிருந்தாவ, காதுலயா போட்டிருந்தாவ? ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்னு கெஞ்சினானே, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் படுத்துக் கெடந்தேன்."

எழுந்து வராதது ஏன் என்று தட்டினேன்.

"வந்து? மறுபடியும் ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கவா? அவன் சின்னப் பிள்ளையா இருக்கும்போது நின்னேன். காலேஜ் படிக்கும்போது நின்னேன். அவன் கல்யாணத்தப்பயும் நின்னேன். நீங்க அந்தப் பக்கமிருந்து கத்துவிய, அவன் இந்தப் பக்கமிருந்து கத்துவான். எம்மேல விழுந்துதான் ரெண்டும் அடுத்த ஆளுக்குப் போவும். எனக்குப் போதும்னு ஆயிப்போச்சு."

உன் போனை எடுத்ததும் ஏன் வைத்துவிடுகிறாள் என்று கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன், நம்பினால் நம்பு.

"எடுத்ததும் அம்மாங்கான். நீங்க ஏளான்னு கூப்பிடுத அதே சத்தம். அதே தொண்ட. அவன் அன்பாத்தான் கூப்பிடுதான், எனக்கு அது தெரியாமயா? ஆனா கேட்டதும் நெஞ்சு படபடங்குது. வச்சிருதேன். நல்லா இருக்கட்டும் அவன். பேச வேண்டாம்."

பிறகு சுட்டுப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்க சத்தம் நின்னதுல இருந்துதான் இந்த வீட்டுல நான் நெனைக்கிறது எனக்கே வெளங்குது. கை சுட்டா சுட்டுட்டுப் போவுது. தட்டுதிய, அது போதும் எனக்கு. அந்த மிஷினத் திரும்பப் போடாதிய."

நான் அடுத்த வரியைத் தட்டி வைத்திருந்தேன். அன்றைக்குப் பலகையில் எழுதி ஐஸ்வர்யா சிரித்த வரிதான். 'உன்னை இருட்டில் தனியே விட்டுவிட்டேன் இன்பமணி, நீ இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது.' எண்டர் அடிக்கவில்லை. எழுத்து எழுத்தாக அழித்தேன். அவள் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு படுக்கைக்குப் போய்விட்டாள்.

போனை அவள் கையில் கொடுத்தேன். மேஜைமேல் வைத்துவிட்டாள்.

இந்தப் பேக்கேஜை நீக்குவது எப்படி? மெஷினைத் திறக்கும்போதெல்லாம் அது உள்ளே இருக்கிறது என்கிற நினைப்பு வரும். என்னையறியாமல் கை போய்விடும். நீக்குகிற கட்டளையை எழுது. ஒரே கட்டளையாக எழுது, பாதியை மறைக்காதே.

அன்புள்ள,
அப்பா


பெங்களூரு,
5 பிப்ரவரி 2025

அப்பா,

ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். பிளாரன்ஸ் எண்ணெய் காய்ச்சி முடித்திருந்தாள். பாட்டிலைக் கூரியரில் அனுப்புகிறாள். அவள் தந்தது என்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம். சொல்லவும் உங்களால் முடியாது.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நான் என் போனில் என் குரலைப் பதிந்து கேட்டேன். 'அம்மா' என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான்.

பேக்கேஜை நீக்க வேண்டிய அவசியமில்லை. லேப்டாப்பின் இடது ஓரத்தில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. கடையில் இயர்போன் ஒன்று வாங்கி அதில் செருகிக் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். அதன் பிறகு என்ன வேண்டுமானாலும் தட்டலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். அம்மாவுக்குக் கேட்காது. உங்களுக்கு மட்டும் கேட்கும்.

பெவின்